சிஎஸ்எஸ் கொண்டு எல்லாத் திரைக்கும் பொருந்தும் பக்கம் அமைத்தல்: முழுமையான வழிகாட்டி

தலைப்பு, நாலு பத்தி, ஒரு பட்டியல் மட்டும் உள்ள எச்டிஎம்எல் (பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் மொழி) கோப்பை, தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் ஒரு வரிகூட இல்லாமல் பிரவுசரில் திறந்து, சன்னலைக் குறுக்கிப் பாருங்கள். அழகு இருக்காது. ஆனால் எதுவும் உடையாது. எழுத்து தானாக மடிந்து அடுத்த வரிக்குப் போகும். திரைக்கு ஏற்ப வளைவது வலைப்பக்கத்தின் பிறவிக்குணம். அதில் 960 பிக்சல் அகலம், 600 பிக்சல் உயரம் என்று ஆணி அடிப்பது நாம்தான். அப்படி அடித்த ஆணிகளை ஒவ்வொரு திரைக்காகவும் பிடுங்கத்தான் முடிவில்லாத மீடியா குவெரிகள் (திரை இவ்வளவு அகலம் என்றால் இந்த விதி என்னும் நிபந்தனைகள்) எழுத வேண்டிவருகிறது. அளவைக் கட்டளையாகச் சொல்லாமல், குறைந்தது இவ்வளவு, அதிகம் இவ்வளவு என்று எல்லை மட்டும் சொல்லிவிட்டு, நடுவில் உள்ளதைப் பிரவுசரிடம் விடுவதே கீழே வரும் எல்லாப் படிகளின் அடிப்படை.

பண்புகளின் பெயர்கள் இங்கே ஒலிப்பில் எழுதப்பட்டுள்ளன. கோப்பில் தட்டும்போது ஆங்கில எழுத்தில், இடைக்கோடுகளை அப்படியே வைத்துத் தட்ட வேண்டும்.

படி 1: சிஎஸ்எஸ்ஸைத் தொடுமுன் ஹெட் பகுதியில் ஒரு வரி

வியூபோர்ட் என்னும் மெட்டா டேகைச் சேருங்கள். அதன் கண்டென்ட் மதிப்பில் அகலத்துக்கு டிவைஸ்-விட்த், இனிஷியல்-ஸ்கேலுக்கு 1. இந்த வரி இல்லாவிட்டால், மொபைல் பிரவுசர் தன் திரை ஏறக்குறைய 980 பிக்சல் அகலம் என்று பாவித்துப் பக்கத்தை வரைந்து, பிறகு அதைச் சுருக்கிக் காட்டும். எழுத்தெல்லாம் எறும்பளவு தெரியும். மீடியா குவெரியும் அந்த 980 கணக்கைத்தான் பார்க்கும் என்பதால், மொபைலுக்கென எழுதிய விதி எதுவும் பிடிக்காது. கம்ப்யூட்டரில் சன்னலைக் குறுக்கினால் சரியாக வருகிறது, போனில் வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

அதே டேகில் யூசர்-ஸ்கேலபிள் நோ என்று போட்டு, விரலால் பெரிதாக்குவதைத் தடுக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. வேண்டாம். பார்வை குறைந்தவர் உங்கள் பக்கத்தைப் படிக்கும் வழி அது.

படி 2: விதி எப்போது தோற்கிறது

சிஎஸ்எஸ்ஸில் தவறு செய்தால் பிரவுசர் எந்த எச்சரிக்கையும் தராது. புரியாத வரியைத் தாண்டிப் போய்விடும். பண்பின் பெயரில் ஒரு எழுத்துப் பிசகினால் அந்த ஒரு வரி போகும். வரி முடிவில் அரைப்புள்ளி விட்டுப்போனால் அந்த வரியும் அடுத்த வரியும் ஒன்றாக ஒட்டி, இரண்டும் போகும். வளைந்த அடைப்பை மூட மறந்தால் அதற்குக் கீழே உள்ளவை சிதறும். கால்க் (அளவுகளைக் கூட்டிக் கழிக்கும் சார்பு) கணக்கில் கூட்டல், கழித்தல் குறியின் இருபுறமும் இடைவெளி விடாவிட்டால் மதிப்பு முழுவதும் செல்லாது. எழுதிய விதி வேலை செய்யவில்லை என்றால் அந்த வரியைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், அதற்கு முந்தைய வரியையும் பாருங்கள்.

எழுத்தெல்லாம் சரி, ஆனாலும் பிடிக்கவில்லை என்றால் வேறொரு விதி அதை வென்றிருக்கிறது. வெற்றி தோல்வியைக் கணக்கிட மூன்று பெட்டிகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: முதல் பெட்டியில் ஐடிகளின் (ஒரே ஒரு பொருளுக்கு வைத்த பெயர்) எண்ணிக்கை, இரண்டாவதில் கிளாஸ்கள் (பல பொருள்களுக்குப் பொதுவான பெயர்), மூன்றாவதில் டேகுகள். இடமிருந்து வலமாக ஒப்பிட வேண்டும். ஒரு ஐடி உள்ள செலக்டரின் (விதி எந்தப் பொருளுக்கு என்று சொல்லும் பகுதியின்) கணக்கு 1-0-0. இருபது கிளாஸ் சேர்த்தாலும் 0-20-0 தான், ஐடியை வெல்லாது. மூன்று பெட்டியும் சமமாக இருந்தால் கோப்பில் பின்னால் வருவது வெல்லும். எச்டிஎம்எல்லுக்குள் ஸ்டைல் என்று நேரடியாக எழுதியது இவை எல்லாவற்றுக்கும் மேல்.

நடைமுறையில் இதன் பொருள், அலங்கரிக்க ஐடியைத் தொடாதீர்கள். ஒரே ஒரு கிளாஸில் முடிந்த வரை நிறுத்துங்கள். மற்ற விதிகளை மிஞ்சும் இம்பார்டன்ட் குறியைப் போட்டு ஒரு சண்டையை வென்றால், அடுத்த மாதம் அதை வெல்ல இன்னொரு இம்பார்டன்ட் தேவைப்படும்.

சந்தேகம் வந்தால் ஊகிக்க வேண்டாம். பொருளின் மேல் வலது கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் போங்கள். தோற்ற விதிகள் குறுக்குக்கோடு அடித்துக் காட்டப்படும். உங்கள் விதி அந்தப் பட்டியலிலேயே இல்லை என்றால் செலக்டர் பொருந்தவில்லை, அல்லது கோப்பே வந்து சேரவில்லை, அல்லது பிரவுசர் பழைய பிரதியைக் காட்டுகிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பழைய பிரதி போகும்.

படி 3: பெட்டிக் கணக்கு

பக்கத்தில் உள்ள ஒவ்வொன்றும் ஒரு பெட்டி. நடுவில் உள்ளடக்கம், சுற்றி பேடிங், அதைச் சுற்றி பார்டர், வெளியே மார்ஜின். அகலம் 300 பிக்சல், பேடிங் 20, பார்டர் 2 என்று எழுதினால் திரையில் பெட்டி பிடிக்கும் இடம் 344 பிக்சல். ஏனென்றால் விட்த் என்பது இயல்பாக உள்ளடக்கத்தின் அகலம் மட்டுமே. தலா 50 சதவீத அகலம் கொடுத்த இரண்டு பெட்டிகள் பேடிங் சேர்த்ததும் அக்கம்பக்கமாக நிற்காமல் போவது இதனால்தான்.

கோப்பின் முதல் விதியாக எல்லாவற்றுக்கும் பாக்ஸ்-சைஸிங் பார்டர்-பாக்ஸ் என்று கொடுங்கள். நட்சத்திரக் குறியோடு, பிஃபோர், ஆஃப்டர் என்னும் போலிப் பொருள்களையும் (எச்டிஎம்எல்லில் இல்லாமல் சிஎஸ்எஸ்ஸே உண்டாக்குபவை) அந்தச் செலக்டரில் சேர்த்துக்கொள்ளுங்கள். இனி 300 என்றால் பார்டர் முதல் பார்டர் வரை 300.

மேல்-கீழ் மார்ஜின் இன்னொரு புதிர். தலைப்பின் கீழ் மார்ஜின் 24, பத்தியின் மேல் மார்ஜின் 16 என்றால் இடைவெளி 40 ஆகாது. பெரியது மட்டும் நின்று 24 ஆகும். முதல் குழந்தையின் மேல் மார்ஜின் தாய்ப்பெட்டியைத் தாண்டி வெளியே வழிவதும் இந்த விதியின் விளைவே. தாய்க்கு ஒரு பிக்சல் பேடிங் இருந்தாலும் வழியாது. ஃப்ளெக்ஸ், கிரிட் பெட்டிகளுக்குள் (படி 5, 6 இல் வரும் அடுக்கும் முறைகள்) மார்ஜின்கள் இப்படி ஒன்றுசேர்வதில்லை. அங்கே இடைவெளிக்கு கேப் பண்பைப் பயன்படுத்தினால் இந்தத் தலைவலியே கிடையாது.

படி 4: எழுத்தின் அளவு

பிரவுசரின் இயல்பு எழுத்தளவு பெரும்பாலும் 16 பிக்சல். 1 ரெம் என்பது அதுதான். ஒருவர் தன் பிரவுசரில் இயல்பு எழுத்தை 20 ஆக வைத்திருந்தால் 1 ரெம் 20 ஆகும். எச்டிஎம்எல் டேகுக்கு எழுத்தளவைப் பிக்சலில் கொடுத்தால் அவருடைய விருப்பம் செல்லாமல் போய்விடும். அங்கே எதுவும் கொடுக்காமல் விடுவதே நல்லது.

எம் என்னும் அலகு அது நிற்கும் இடத்தின் எழுத்தளவைப் பொறுத்தது. பட்டியலுக்கு 0.9 எம் என்று கொடுத்து, பட்டியலுக்குள் பட்டியல், அதற்குள் இன்னொன்று என்று போனால் மூன்றாம் அடுக்கில் 0.729 மடங்கு, அதாவது 16 பிக்சல் சுமார் 11.7 ஆகச் சுருங்கிவிடும். எழுத்தளவுக்கு ரெம், பட்டனுக்குள் விடும் பேடிங் போல எழுத்தோடு சேர்ந்து வளர வேண்டியதற்கு எம் என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் குறையும்.

லைன்-ஹைட்டுக்கு அலகு போடாதீர்கள். பாடிக்கு 1.6 எம் என்று கொடுத்தால் அது 25.6 பிக்சல் என்று கணக்காகி, அந்த எண்ணே கீழே இறங்கும். 40 பிக்சல் தலைப்பு இரண்டு வரிக்கு மடிந்தால் வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். வெறும் 1.6 என்றால் ஒவ்வொரு இடத்திலும் அதனதன் எழுத்தளவோடு பெருக்கிக்கொள்ளும். தமிழ் எழுத்தில் மேலே விசிறியும் கீழே சுழியும் வருவதால் 1.6 முதல் 1.8 வரை வைத்தால் கண்ணுக்கு இதம், தலைப்புக்கு 1.3 போதும்.

படிக்கும் பத்தியின் அகலத்தை 65 சிஎச் என்று கட்டுப்படுத்தச் சொல்வார்கள். சிஎச் என்பது பூஜ்ய எண்ணின் அகலம். தமிழ் எழுத்துகளில் பல அதைவிட அகலமானவை. அதே அகலத்தில் குறைவான எழுத்துகளே அடங்கும். தமிழ்ப் பக்கத்துக்கு மேக்ஸ்-விட்த் 38 முதல் 42 ரெம் வரை வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

திரையோடு சேர்ந்து எழுத்து வளர வேண்டுமா? கிளாம்ப் இருக்கிறது. குறைந்தபட்சம், விரும்பும் அளவு, அதிகபட்சம் என்று மூன்று மதிப்பு கேட்கும். 320 பிக்சல் திரையில் 16 பிக்சல், 1280 திரையில் 20 பிக்சல் வேண்டும் என்றால் கணக்கு இப்படி. எழுத்து 4 வளர, திரை 960 வளர்கிறது. 4 வகுத்தல் 960, நூறால் பெருக்கினால் 0.417, அதுதான் விடபிள்யூ (சன்னல் அகலத்தில் நூறில் ஒரு பங்கு) அளவு. 320 திரையில் 0.417 விடபிள்யூ என்பது 1.33 பிக்சல். 16 இலிருந்து அதைக் கழித்தால் 14.67, அதாவது 0.917 ரெம். ஆக நடு மதிப்பு 0.917 ரெம் கூட்டல் 0.417 விடபிள்யூ, இருபுறமும் 1 ரெம், 1.25 ரெம். நடுவில் விடபிள்யூவை மட்டும் தனியாக வைக்கக் கூடாது. அது சன்னலின் அகலத்தை மட்டுமே பார்க்கும். வாசகர் சூம் செய்தாலும் எழுத்து பெரிதாகாது.

படி 5: ஒரே வரிசைக்கு ஃப்ளெக்ஸ்

பக்கத்தின் தலைப் பகுதியை எடுத்துக்கொள்வோம்: இடப்பக்கம் லோகோ, வலப்பக்கம் மெனு. தாய்ப்பெட்டிக்கு டிஸ்ப்ளே ஃப்ளெக்ஸ், ஃப்ளெக்ஸ்-ரேப் ரேப், ஜஸ்டிஃபை-கண்டென்ட் ஸ்பேஸ்-பிட்வீன், அலைன்-ஐட்டம்ஸ் சென்டர், கேப் 1 ரெம். ஐந்தே வரி. இடம் போதாதபோது மெனு தானாகக் கீழ் வரிக்கு இறங்கும். மீடியா குவெரி தேவையில்லை. ரேப் கொடுக்க மறந்தால் மட்டும் எல்லாம் ஒரே வரியில் நசுங்கும்.

ஃப்ளெக்ஸ் என்னும் சுருக்கப் பண்பில் வரும் மூன்று மதிப்புகள்: மிச்ச இடத்தில் எத்தனை பங்கு வளரலாம், இடம் குறைந்தால் எத்தனை பங்கு சுருங்கலாம், கணக்கைத் தொடங்கும் அகலம் எவ்வளவு. தேடல் பெட்டிக்கு 1, 1, 15 ரெம் என்று கொடுத்தால் 240 பிக்சலில் தொடங்கி, இடம் இருந்தால் விரியும்.

ஃப்ளெக்ஸில் அதிகம் பேரைத் திணறடிப்பது மின்-விட்த். ஃப்ளெக்ஸ் பெட்டியின் குழந்தைக்கு இயல்பான மின்-விட்த் ஆட்டோ. அதற்குள் உள்ள மிக நீளமான சொல்லைவிடச் சிறிதாக அது சுருங்க மறுக்கும். உள்ளே ஒரு நீண்ட இணைய முகவரி இருந்தால் போதும், பக்கம் முழுவதும் பக்கவாட்டில் நீளும். அந்தக் குழந்தைக்கு மின்-விட்த் 0 கொடுங்கள். கூடவே ஓவர்ஃப்ளோ-ரேப் எனிவேர். நீண்ட கூட்டுச்சொற்கள் புழங்கும் தமிழில் இது அடிக்கடி நேரும். குறிப்பாகப் பட்டன்களிலும் குறுகிய அட்டைத் தலைப்புகளிலும்.

படி 6: அட்டைகளுக்கும் பக்க அமைப்புக்கும் கிரிட்

அட்டைகளை ஏன் ஃப்ளெக்ஸில் அடுக்கக் கூடாது? 700 பிக்சல் தாய்ப்பெட்டியில் தலா 240 பிக்சலில் தொடங்கும் மூன்று அட்டைகள், இடைவெளி 16. மொத்தம் 752, மூன்றாவது கீழே இறங்கும். அது வளரலாம் என்று சொல்லியிருப்பதால் தனியாக 700 பிக்சலுக்கும் விரிந்து, மேலே உள்ள இரண்டோடு ஒட்டாமல் நிற்கும். ஃப்ளெக்ஸுக்கு ஒவ்வொரு வரியும் தனி உலகம். வரிகளுக்கிடையே நெடுவரிசை ஒத்துப்போக வேண்டுமென்றால் கிரிட்தான். 2017 மார்ச்சில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றும் கிரிட்டை ஏற்றன. அதற்கு முன் ஃப்ளோட்டை வைத்துச் செய்த வித்தைகளைக் கற்பிக்கும் பாடங்கள் இன்னும் கிடைக்கும், கடந்து செல்லுங்கள்.

கிரிட்-டெம்ப்ளேட்-காலம்ஸ் பண்புக்கு இப்படி ஒரே வரி: ரிப்பீட், அதற்குள் ஆட்டோ-ஃபிட், அதையடுத்து மின்மேக்ஸ், மின்மேக்ஸின் முதல் மதிப்பு, அதாவது குறைந்தபட்சம், 16 ரெம், இரண்டாவது, அதாவது அதிகபட்சம், 1 எஃப்ஆர் (மிச்ச இடத்தில் ஒரு பங்கு). 1000 பிக்சல் இடத்தில் 256 பிக்சல் நெடுவரிசைகள் 16 இடைவெளியோடு எத்தனை அடங்கும்? மூன்றுக்கு 800, நான்குக்கு 1072. ஆகவே மூன்று, மிச்சம் பங்கிடப்பட்டு ஒவ்வொன்றும் சுமார் 322 பிக்சல். சன்னல் குறுகினால் இரண்டு, பிறகு ஒன்று. எல்லாம் பிரவுசரே பார்த்துக்கொள்ளும்.

இதிலும் ஒரு ஓட்டை. இடமே 240 பிக்சல்தான் என்றால் 256 வேண்டும் என்று கிரிட் அடம்பிடித்து வெளியே நீட்டும். அதனால் 16 ரெம் என்பதற்குப் பதிலாக மின் என்னும் சார்பை வைத்து, 100 சதவீதம், 16 ரெம் இரண்டில் சிறியதை எடுக்கச் சொல்லுங்கள்.

ஆட்டோ-ஃபிட்டா, ஆட்டோ-ஃபில்லா? அட்டைகள் நிறைய இருக்கும்போது வித்தியாசம் தெரியாது. ஒரே அட்டை இருந்தால் ஆட்டோ-ஃபிட் அதை 1000 பிக்சலுக்கும் இழுக்கும். ஆட்டோ-ஃபில் காலி நெடுவரிசைகளை விட்டுவைத்து 322 இலேயே நிறுத்தும். தேடல் முடிவுகள் போல எண்ணிக்கை மாறும் இடத்தில் ஆட்டோ-ஃபில்லே பார்க்க நன்றாக இருக்கும்.

கட்டுரையும் பக்கப்பட்டையும் அக்கம்பக்கமாக வேண்டுமென்றால் இரண்டு நெடுவரிசை: கட்டுரைக்கு மின்மேக்ஸ் 0, 1 எஃப்ஆர், பட்டைக்கு 18 ரெம். வெறும் 1 எஃப்ஆர் என்று எழுதினால், அதன் குறைந்தபட்சம் ஆட்டோ என்பதால், கட்டுரைக்குள் உள்ள அகலமான அட்டவணை அதை இழுத்துப் பெரிதாக்கும். ஃப்ளெக்ஸில் பார்த்த அதே நோய்தான். மருந்தும் அதே பூஜ்யம்.

படி 7: எஞ்சியதற்கு மட்டும் மீடியா குவெரி

இவ்வளவு செய்தபின் மீடியா குவெரிக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். மேலே சொன்ன இரண்டு நெடுவரிசை அதில் ஒன்று. குறுகிய திரைக்கான விதிகளை வெளியே எழுதிவிட்டு, மின்-விட்த் 60 ரெம் என்ற நிபந்தனைக்குள் இரண்டு நெடுவரிசையைக் கொடுங்கள். பல நிபந்தனைகள் இருந்தால் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துங்கள். மீடியா குவெரிக்குத் தனி வலிமை கிடையாது. 60 ரெம் விதி முன்னால், 40 ரெம் விதி பின்னால் இருந்தால், அகலத் திரையில் இரண்டும் பொருந்தி, பின்னால் உள்ள 40 வென்றுவிடும்.

எந்த அளவில் முறிப்பது என்பதற்குக் கருவிகளின் பட்டியலைத் தேட வேண்டாம். சன்னலை 320 இலிருந்து மெல்ல விரித்துக்கொண்டே போங்கள். எங்கே வெற்றிடம் அசிங்கமாகத் தெரிகிறதோ, எங்கே வரி படிக்க முடியாத நீளம் ஆகிறதோ, அதுதான் உங்கள் முறிவுப்புள்ளி. நிபந்தனைக்குள் வரும் ரெம், நீங்கள் எச்டிஎம்எல் டேகுக்குக் கொடுத்த எழுத்தளவைப் பார்க்காது. பிரவுசரின் இயல்பு அளவையே பார்க்கும். அங்கே சொந்த மாறிகளும் (நீங்களே பெயர் வைத்து மதிப்பைச் சேமிப்பவை) செல்லாது. வண்ணங்களையும் இடைவெளிகளையும் இரட்டை இடைக்கோடு மாறிகளில் வைப்பது நல்ல பழக்கம், ஆனால் முறிவுப்புள்ளியை நேராக எண்ணில்தான் எழுத வேண்டும்.

அகலம் தவிர வேறு கேள்விகளும் கேட்கலாம். சுட்டி மேலே வந்தால் நிறம் மாறும் விதிகளை ஹோவர் நிபந்தனைக்குள் வையுங்கள்; தொடுதிரையில் அந்த நிறம் ஒட்டிக்கொண்டே நிற்காது. அசைவைக் குறைக்கக் கேட்பவர்களுக்கு ப்ரிஃபர்ஸ்-ரெட்யூஸ்ட்-மோஷன் பார்த்து அனிமேஷனை நிறுத்துங்கள்.

ஒரே அட்டை அகலமான கட்டுரைப் பகுதியிலும் ஒடுங்கிய பக்கப்பட்டையிலும் வருகிறது என்றால் திரையின் அகலம் உதவாது. அதற்குக் கண்டெய்னர் குவெரி. 2023 பிப்ரவரியிலிருந்து முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் உண்டு. அட்டையைச் சுற்றி ஒரு உறைப் பெட்டி வைத்து அதற்குக் கண்டெய்னர்-டைப் இன்லைன்-சைஸ் கொடுங்கள். பெட்டி தன்னைத் தானே கேட்டுக்கொள்ள முடியாது, ஆகையால் உறை கட்டாயம். அந்த உறை உள்ளடக்கத்தைப் பார்த்து அகலத்தைத் தீர்மானிக்காது. ஃப்ளெக்ஸுக்குள் அதை அப்படியே வைத்தால் அகலம் பூஜ்யமாகி அட்டை காணாமல் போகும். ஃப்ளெக்ஸ் 1 கொடுத்தால் திரும்பி வரும்.

படி 8: படங்கள்

மேக்ஸ்-விட்த் 100 சதவீதம், ஹைட் ஆட்டோ. இரண்டும் சேர்ந்தே வர வேண்டும்; ஹைட் ஆட்டோ விட்டுப்போனால் முகங்கள் நெட்டையாகும். எச்டிஎம்எல்லில் படத்தின் உண்மையான அகலம், உயரம் இரண்டையும் எண்ணாக எழுதுங்கள். பிரவுசர் அதிலிருந்து விகிதத்தைக் கணக்கிட்டு முன்கூட்டியே இடம் ஒதுக்கும். படம் வந்து சேர்ந்ததும் படித்துக்கொண்டிருந்த வரி கீழே குதிக்காது.

அட்டைகளில் படங்கள் வெவ்வேறு வடிவில் வந்தால் ஆஸ்பெக்ட்-ரேஷியோ 16/9, ஆப்ஜெக்ட்-ஃபிட் கவர். ஓரம் வெட்டப்படும், முக்கியமானது ஓரத்தில் இருந்தால் ஆப்ஜெக்ட்-பொசிஷனை மாற்றுங்கள்.

பக்கம் பக்கவாட்டில் ஆடினால்

இதுவே எல்லோரும் அதிகம் கேட்கும் சிக்கல். உடனே ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஹிடன் போட்டு மூடாதீர்கள். வெளியே நீட்டிய பகுதி வாசகருக்கு எட்டாமல் போகும். அதற்குள் இருக்கும் ஸ்டிக்கி பொருளும் (பக்கம் நகரும்போது திரை ஓரத்தில் ஒட்டி நிற்பது) ஒட்டுவதை நிறுத்தும். முதலில் குற்றவாளியைக் கண்டுபிடியுங்கள். நட்சத்திரக் குறிக்கு அவுட்லைன் 1 பிக்சல் சிவப்பு கொடுங்கள். பார்டர் கொடுத்தால் அதுவே இடம் பிடித்து அளவை மாற்றிவிடும். அவுட்லைன் இடம் பிடிக்காது. வலது ஓரத்தைத் தாண்டும் சிவப்புப் பெட்டியே காரணம்.

பெரும்பாலும் அது இவற்றில் ஒன்றாக இருக்கும்: 100 விடபிள்யூ அகலம் (ஸ்க்ரோல்பார் இடம் பிடிக்கும் கம்ப்யூட்டரில் அதையும் சேர்த்து எண்ணுவதால் அந்த அளவு நீட்டும், 100 சதவீதம் போதும், பல இடங்களில் அதுவும் வேண்டாம்), பிக்சலில் நிலைத்த அகலம், உடையாத நீண்ட சொல், அட்டவணை, நிரல் காட்டும் ப்ரீ பெட்டி. கடைசி இரண்டுக்கும் சுற்றி ஒரு உறை வைத்து, அந்த உறைக்கு மட்டும் ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஆட்டோ கொடுங்கள். அட்டவணை மட்டும் நகரும், பக்கம் நிற்கும்.

ஸ்டிக்கி ஒட்டவில்லை என்றால் மூன்றைப் பாருங்கள். டாப் மதிப்பு கொடுத்தீர்களா? மேலே உள்ள முன்னோர் எவருக்காவது ஓவர்ஃப்ளோ ஹிடனோ ஆட்டோவோ இருக்கிறதா? கிரிட்டுக்குள் உள்ள பக்கப்பட்டை என்றால், அது வரிசை உயரம் முழுக்க நீட்டப்பட்டிருப்பதால் நகர இடமே இல்லை. அலைன்-செல்ஃப் ஸ்டார்ட் கொடுத்தால் ஒட்டும்.

மொபைலில் 100 விஎச் (திரை உயரம் முழுவதும்) உயரம் கொடுத்த முகப்பின் அடிப்பகுதி முகவரிப் பட்டையால் மறைகிறதா? 100 டிவிஎச் அல்லது 100 எஸ்விஎச் போடுங்கள். முதலாவது பட்டை மறையும்போதெல்லாம் உயரம் மாறும். இரண்டாவது சிறிய அளவிலேயே நிலைக்கும். முகப்புக்கு இரண்டாவதே மேல். ஐபோனில் படிவத்தைத் தொட்டதும் பக்கம் தானாகப் பெரிதாகிறது என்றால் உள்ளீட்டுப் பெட்டியின் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் கீழே இருக்கிறது.

சோதிக்க நிறையக் கருவிகள் வேண்டாம். கம்ப்யூட்டரில் சன்னலை 1280 பிக்சல் அகலத்துக்கு வைத்து 400 சதவீதம் சூம் செய்யுங்கள். பக்கத்துக்குக் கிடைப்பது 320 பிக்சல். அணுகல்தன்மை விதிகள் கேட்கும் அளவும் அதுவே: அந்த அகலத்தில் பக்கவாட்டில் நகர்த்தாமல் படிக்க முடிய வேண்டும். பிறகு சூமை விட்டுவிட்டு, பிரவுசர் அமைப்பில் இயல்பு எழுத்தளவை மட்டும் 32 ஆக்கிப் பாருங்கள். எங்கெல்லாம் எழுத்து பெட்டியைவிட்டு வழிகிறதோ, அங்கெல்லாம் உயரத்தைப் பிக்சலில் கொடுத்திருப்பீர்கள். அதை மின்-ஹைட்டாக மாற்றி ரெம்மில் எழுதுங்கள்.